சேனைக்குக் காத்திருந்த குழந்தை

எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளையின் நாக்கில் முதலில் படுவது பால் இல்லை, சேனை. சீனித் தண்ணீர், தேன், கருப்பட்டிக் கரைசல் என்று வீட்டுக்கு வீடு மாறும். எதைத் தொட்டு வைக்கிறார்கள் என்பது பெரிய விஷயமில்லை. யார் வைக்கிறார்கள் என்பதுதான் விஷயம். முதலில் யார் விரல் நாக்கில் படுகிறதோ அவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. அதனால் நல்லபடியாக வாழ்ந்தவர், பொறுமைசாலி, படித்தவர் என்று ஆள் பார்த்துக் கூப்பிடுவார்கள். ஒருவன் வளர்ந்து சண்டைக்காரனாகிவிட்டால், ‘இவனுக்குச் சேனை வச்சது யாருப்பா?’ என்று தெருவில் கேட்பதும் உண்டு.

அந்தச் சேனை வேண்டாம், பிறந்த பிள்ளைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்வது என் வேலை. அப்படிச் சொல்லித் திரிந்த என் விரலுக்காக ஒரு பச்சைக் குழந்தையைப் பட்டினி போட்டு வைத்திருந்தார்கள். நடந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. இப்போதும் பஸ்ஸில் போகும்போது, சோறு பிசையும்போது, அந்தக் குழந்தையின் பாதம் கையில் பட்ட சில்லிப்பு திடீரென்று ஞாபகத்துக்கு வருகிறது. கை அப்படியே நின்றுவிடுகிறது.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். கல்யாணமாகிக் காரைக்குடிக்கு வந்தேன். வீட்டுக்காரர் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, தாய் சேய் நலத்துக்காக வேலை செய்கிற ஒரு சின்ன தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு நாற்காலி போடுவது, டீ வாங்கி வருவது, நோட்டீஸ் மடிப்பது, இவைதான் ஆரம்பத்தில் என் வேலை. எனக்கு அது வசதியாகவே இருந்தது. நாலு பேர் திரும்பிப் பார்த்தால் எனக்குப் பேச வராது. பள்ளியில் வருகைப் பதிவின்போது ‘உள்ளேன் ஐயா’ சொல்லக்கூடப் பக்கத்துப் பெண்தான் எனக்காகக் குரல் கொடுப்பாள்.

ஒருநாள் கிராமத்துக்குப் போக வேண்டியவருக்குக் காய்ச்சல். வேறு ஆள் இல்லாமல் என்னை அனுப்பினார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. நான் சும்மா இருந்ததால் அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். பிரசவ வார்டில் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லாததை ஒருத்தி சொன்னாள். ஸ்கேன் எடுக்கிற இடத்தில் உட்கார ஒரு பெஞ்சுகூட இல்லாமல் நிறைமாத வயிற்றோடு நின்றதை இன்னொருத்தி சொன்னாள். திரும்பி வந்து எங்கள் தலைவியிடம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, இனிமேல் நீங்களே போங்கள் என்றார்.

அலுவலகத்தில் இந்த வேலைக்கு ‘அட்வகஸி’ என்று பெயர். அந்த வார்த்தை என் வாயில் நுழையவே ரொம்ப நாள் ஆயிற்று. எனக்குப் புரிந்தவரை, ஒருத்தி சொன்ன குறையை, அதைத் தீர்க்க முடிந்தவர் காதில் விழுகிற வரை சொல்லிக்கொண்டே இருப்பது. ஒரு பஸ் நிலையத்தில் தாய்மார்கள் பாலூட்ட ஓர் அறை கட்டினார்கள். கட்டி, பூட்டி, சாவியை டைம் கீப்பரிடம் கொடுத்துவிட்டார்கள். பிள்ளை பசியில் கத்தும்போது ஒரு பெண் போய், முன்பின் தெரியாத ஆண்பிள்ளையிடம் பால் கொடுக்கச் சாவி வேண்டும் என்று கேட்க வேண்டும். ஒருத்தியும் கேட்கவில்லை. உள்ளே துடைப்பத்தை அடுக்கி வைத்திருந்தார்கள். எங்கள் தலைவி மனு கொடுத்தார், நான் பின்னால் நின்றேன். மூன்றாவது மனுவில் பூட்டு போயிற்று. அன்றைக்கு அந்த அறைக்குள் ஒரு பெண் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்தபோது, என் வேலை இன்னது என்று எனக்கு விளங்கியது.

பூட்டை எடுக்க மனு போதும். சேனைக்கு யாரிடம் மனு கொடுப்பது?

‘சேனை வைக்காதீர்கள்’ என்றுதான் முதலில் சொன்னோம். காளையார்கோவில் பக்கம் ஒரு கிராமத்தில் வயதான ஒருவர் எழுந்து, எங்க ஐயா வச்ச சேனையிலதான் இந்த வயசுலயும் நான் வரப்புல ஏறி நடக்கேன், உங்க பால்பவுடர் கதையெல்லாம் டவுனோட வச்சுக்கங்க என்றார். நாங்கள் பால்பவுடரைப் பற்றிப் பேசவே இல்லை. ஆனாலும் பாதிக் கூட்டம் அவரோடு எழுந்து போய்விட்டது. மிச்சமிருந்த பெண்களில் ஒருத்தி, கிட்டத்தட்ட என் வயதுக்காரி, வாயில் முந்தானையை வைத்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

“இம்புட்டுத்தானக்கா. பாலையே சேனையா வச்சுட்டாப் போகுது. உங்களுக்குப் பாலும் ஆச்சு, எங்களுக்குச் சேனையும் ஆச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் அதை வந்து அலுவலகத்தில் சொன்னேன். தலைவி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். ‘தாய்ப்பாலே முதல் சேனை’ என்று கரும்பலகையில் எழுதினார். இதைத்தான் இத்தனை வருஷம் தேடினோம் என்றார். நோட்டீஸில் போட்டோம், ஆரம்ப சுகாதார நிலையச் சுவர்களில் எழுதினோம். அந்த வாசகத்துக்கு யாரும் எழுந்து போகவில்லை. அந்தப் பெரியவர்கூட, அது சரிதான் என்றார்.

அந்தச் சிரித்த பெண்ணோடு எனக்குச் சினேகிதம் உண்டாயிற்று. அவர்கள் நிலபுலன் உள்ள குடும்பம். வீட்டில் அவள் நாத்தனாரும் உண்டு. அந்த அம்மாவின் வாய்க்கு ஊரே பயப்படும். இவளுடைய மகளுக்குச் சேனை வைத்தது அந்த நாத்தனார்தான். மகளும் அத்தையைப் போலவே பேசுவாள். கல்யாணமாகிப் போன இடத்தில் மாமியார் ஒன்று சொன்னால் நாலு சொல்வாள். அது பஞ்சாயத்தாகி இரண்டு தடவை தாய் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவள். அந்தப் பெண் உண்டாகியிருந்தாள். இரத்தம் குறைவு என்று டாக்டர் சொல்லியிருந்ததால் மாத்திரை சாப்பிட்டாளா என்று கேட்க நான் அடிக்கடி போனேன். என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள்.

வளைகாப்புக்குப் பிறகு தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். ஒருநாள் நான் போயிருந்தபோது பேச்சு சேனையைப் பற்றித் திரும்பியது. நான் சேனை வச்சதாலதான் இவ பேசிப் பிழைக்கா, இல்லைன்னா போன வீட்டுல வாயில்லாப் பூச்சியாக் கெடந்திருப்பா என்று நாத்தனார் பெருமை அடித்தார்.

“ஒரு வாயி போதும் மதினி இந்த வீட்டுக்கு,” என்றாள் என் சினேகிதி. “அடுத்தது அக்கா மாதிரி அமைதியாப் பெறக்கட்டும்.”

“அவுக வேதக்காரவுகளாச்சே,” என்றார் நாத்தனார், நான் கிறிஸ்தவள் என்பதைச் சொல்லி.

“வேதக்காரவுகன்னா என்ன? கை நல்ல கை. அக்காவே வைக்கட்டும்.”

அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெரியம்மா மாதிரிப் பெறந்தா அதுக்குப் பசிச்சாக்கூட நாமதான் கண்டுபிடிக்கணும் என்றாள். நானும் சிரித்தேன். கேலிதானே. வழக்கம்போல எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் பெரியவர்களை ஒன்று கேட்டு அவர்கள் சிரித்துக்கொண்டே சும்மா இருந்தால் சம்மதம் என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாததல்ல.

பிரசவம் ஆன அன்றைக்கு நான் சிவகங்கையில் இருந்தேன். கலெக்டர் ஆபீஸில் தாய் சேய் நலக் கூட்டம். எங்கள் தலைவியோடு வாரத்தில் ஒருநாள் அங்கே போய் வருவது பழக்கமாகிவிட்டது. ஆனால் அன்றைய கூட்டம் எங்களுக்கு முக்கியமானது. எங்கள் வாசகத்தை மாவட்டம் முழுக்கச் சுவர்களில் எழுதலாமா என்று முடிவு செய்ய இருந்தார்கள். உள்ளே போகுமுன் போனைச் சத்தமில்லாமல் வைத்துப் பைக்குள் போட்டேன். பெண் அதிகாரி ஒருவர் தலைமையில் உட்கார்ந்திருந்தார். மக்களோட வார்த்தையிலேயே மக்களுக்குச் சொல்றீங்க, இப்படித்தான் வேலை செய்யணும் என்றார். கை தட்டினார்கள். தலைவி என்னைக் காட்டி, இவர்தான் கிராமத்திலிருந்து அந்த வார்த்தையைக் கொண்டு வந்தவர் என்று சொல்லிவிட்டார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் மேசை விரிப்பைப் பார்த்தபடி இருந்தேன். உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூட்டம் முடிந்து டீயும் சமோசாவும் கொடுத்தார்கள். அவசரமில்லாமல் சாப்பிட்டேன்.

வெளியே வந்து பார்த்தால் போனில் வரிசையாகத் தவறிய அழைப்புகள். என் சினேகிதிதான். திரும்பக் கூப்பிட்டேன். விடியும்போதே ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

“பொம்பளப்பிள்ளைக்கா. நல்லா இருக்கு. நீங்க எப்ப வாரீக? உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம்.”

பிரியத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். இதோ கிளம்பிவிட்டேன் என்றேன். அந்த ஆஸ்பத்திரி காரைக்குடிக்குப் போகிற வழியில் இருக்கிறது. எந்த ஊர் என்பது வேண்டாம். அங்கே வேலை செய்கிறவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. முதலில் வந்த பஸ்ஸில் கூட்டமாக இருந்தது. நின்றுகொண்டு போவானேன் என்று அதை விட்டுவிட்டேன். அடுத்த பஸ் வருவதற்குள் பஸ் நிலையத்துக் கடையில் பிள்ளைக்குப் பருத்தியில் ஒரு சட்டை வாங்கினேன். மஞ்சளா வெள்ளையா என்று யோசித்து நின்றேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காளையார்கோவில் கோபுரம் தெரிகிறவரைக்கும் தூங்கிக்கூடப் போனேன்.

வார்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பகல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கட்டிலில் அந்தப் பெண் அரைத் தூக்கத்தில் கிடந்தாள். கையில் குளுக்கோஸ் ஊசி. பக்கத்தில் ஸ்டூலில் நாத்தனார் மடியில் துணிச் சுருளாகப் பிள்ளை. என்னைப் பார்த்ததும் என் சினேகிதிக்கு முகமெல்லாம் சிரிப்பு. அங்குட்டுத் தள்ளுங்க மதினி, அக்கா உக்காரட்டும் என்றாள். நான் கை கழுவிவிட்டு வந்து எட்டிப் பார்த்தேன். சின்ன முகம். எடை கொஞ்சம் குறைச்சல்தான் என்றார்கள். கண்ணை மூடிக் கிடந்தது.

“பாத்தீகளா, சத்தமே இல்லை,” என்றாள் சினேகிதி. “காலையில செத்த நேரம் கத்துச்சு. பெறகு தானா அடங்கிருச்சு. சேனை வைக்க முன்னாடியே உங்க குணம் வந்துருச்சுக்கா.”

வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்கத்தான் போனேன். அப்போதுதான் அவள் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு தூக்குவாளியை எடுத்து, அதற்குள்ளிருந்து வெள்ளிச் சங்கை எடுத்தாள். புதுச் சங்கு. மேலே சுத்தமான வெள்ளைத் துணி கட்டியிருந்தது. துணியை அவிழ்த்துக் காட்டினாள். அடியில் மஞ்சளாகக் கொஞ்சம் சீம்பால்.

“நீங்க சொன்னபடிதான். சீனி, தேன் எதுவுமே கிட்டச் சேர்க்கலை. அவ மார்புப் பால்தான். காலையிலேயே பீச்சி வச்சுட்டேன். விரலைத் தொட்டு வைங்க.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிள்ளை பால் குடித்துவிட்டதுதானே என்று கேட்டேன். அவளும் என்னை விளங்காமல் பார்த்தாள்.

“சேனை வைக்காம எப்படிக்கா மார்புல போட?”

அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்குக் காது அடைத்தது. வார்டில் பேசிக்கொண்டிருந்தவர்களின் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. துணியை விலக்கிப் பிள்ளையின் பாதத்தைத் தொட்டேன். பங்குனி வெயிலில் அந்த வார்டே வெந்துகொண்டிருந்தது. பாதம் சில்லென்று இருந்தது. நர்ஸுகள் செய்வதைப் பார்த்திருக்கிறேன், உள்ளங்காலில் விரலால் சுண்டினேன். எந்தப் பிள்ளையும் காலை இழுத்துக்கொண்டு வீறிடும். இது உதட்டை மட்டும் லேசாக அசைத்தது. அழுவதற்கு நினைத்து மறந்துபோன மாதிரி இருந்தது. இன்னொரு தடவை சுண்டினேன். அந்த அசைவும் இல்லை.

அமைதி என்று அவர்கள் காலையிலிருந்து மெச்சிக்கொண்டிருந்தது இதைத்தான்.

நாத்தனார் மடியிலிருந்து பிள்ளையைப் பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த அம்மா திகைத்துப்போனார். நான் வார்டுக்கு வெளியே நடைக்கு ஓடினேன். என் வாழ்நாளில் அவ்வளவு பேர் பார்க்க நான் ஓடியதில்லை. பின்னாலேயே என் சினேகிதி சங்கைச் சிந்தாமல் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“ஒரு சொட்டு வச்சுட்டுக் கொண்டு போங்கக்கா. ஒரே சொட்டு. உங்க விரல் பட்டாப் போதும்.”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. நர்ஸின் மேசையில் பிள்ளையைக் கிடத்தி, பால் குடுக்கலை, காலையிலிருந்து ஒண்ணுமே குடுக்கலை என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. நர்ஸ் பிள்ளையைத் தொட்டதும் எழுந்துவிட்டார். சங்கோடு கிட்டே வந்த கையைத் தட்டிவிட்டார், இந்த நிலைமையில வாயில ஊத்தினா மூச்சுல போயிரும் என்றார். குதிகாலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தார். கருவியில் வந்ததை எங்களிடம் சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பச்சிளங்குழந்தைப் பிரிவின் கதவுக்குள் போய்விட்டார். குத்தியபோதுகூடப் பிள்ளை அழவில்லை.

கதவுக்கு வெளியே நாங்கள் மூன்று பேரும் நின்றோம். ஒரு டாக்டர் வெளியே வந்தார், வயதில் என் மகளைப் போன்றவர். காலையில் டூட்டியில் இருந்த நர்ஸ் வந்து கேட்டபோது என்ன சொன்னீர்கள் என்று விசாரித்தார். குடிச்சுட்டுத் தூங்குது என்று சொன்னது நாத்தனார்தான். இல்லைன்னா சிஸ்டர் ஏசுமே என்று அப்படிச் சொல்லியிருக்கிறார். மத்தியானம் டூட்டி மாறி வந்தவரிடமும் அதையே சொல்லியிருக்கிறார். எடை குறைந்த பிள்ளைக்கு உடம்பில் சர்க்கரை சீக்கிரம் இறங்கிவிடும், இறங்கினால் முதலில் அழுகை நிற்கும், பிறகு அசைவு நிற்கும், மூளையையே பாதிக்கலாம் என்று டாக்டர் சொன்னார். இப்போது நரம்பில் சர்க்கரைத் தண்ணீர் ஏற்றுகிறோம், கண் விழிக்க வேண்டும், விழித்தால்தான் சொல்ல முடியும் என்றார். பிறகு என்னைப் பார்த்து நீங்க யாரு என்று கேட்டார்.

பிறந்தவுடன் பால் கொடுக்க வேண்டும் என்று ஊருக்குச் சொல்கிறவள் என்று நான் எப்படிச் சொல்வேன்? காலையில்தான் அதற்காக எனக்குக் கை தட்டியிருந்தார்கள். தெரிந்தவங்க என்று மட்டும் சொன்னேன்.

அவர் உள்ளே போனதும் சினேகிதி என் கையைப் பிடித்தாள். அழவில்லை. கோபமும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பி, கேள்வியாகத்தான் கேட்டாள்.

“நீங்க சொன்னதைத்தானக்கா செஞ்சோம்?”

நான் யோசித்துப் பார்த்தேன். எங்கே தப்பு என்று. அவள் அன்றைக்குக் கூட்டத்தில் சொன்னது இதுதான், பாலையே சேனையாக வைத்துவிடலாம் என்று. சேனை என்றால் ஒருவர் வைக்க வேண்டும். வைக்கிறவர் வர வேண்டும். அவர் வருகிற வரை காத்திருக்க வேண்டும். இங்கே பிறந்த எந்தப் பிள்ளைக்கும் அது தெரியும். வெளியூரிலிருந்து தாய்மாமன் வருகிற வரை பிள்ளையை வைத்துக்கொண்டு காத்திருந்த வீடுகளை எனக்கே தெரியும். நாங்கள் நிறுத்த நினைத்தது சீனித் தண்ணீரை. காத்திருப்பதை நாங்கள் நினைக்கவே இல்லை. அவள் பேச்சிலிருந்து எங்களுக்குப் பிடித்த இரண்டு வார்த்தையை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டு வந்து, சுவரெல்லாம் எழுதிவிட்டோம். அவள் சொன்ன மாதிரியே அவள் செய்திருக்கிறாள். அதுவும் எவ்வளவு சுத்தமாக. புதுச் சங்கு வாங்கி, வெந்நீரில் அலசி, வெள்ளைத் துணி கட்டி. எங்கள் கூட்டத்துக்கு வந்த அத்தனை பேரிலும் நாங்கள் சொன்னதைக் காதில் வாங்கியவள் அவள்தான். எங்களை ஒரு பொருட்டாக மதிக்காத வீடுகளில் அன்றைக்குப் பிறந்த பிள்ளைகள் எப்போதோ சீனித் தண்ணீர் குடித்து, அப்புறம் பாலும் குடித்திருக்கும்.

அந்த நினைப்பு வந்ததும் நடையில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைக்கு வாங்கிய சட்டை பையோடு மடியில் இருந்தது.

வார்டுக்குப் போய் அந்தப் பெண்ணிடம் யாராவது சொல்ல வேண்டும். நாத்தனார் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். நான் போனேன். மயக்கம் தெளிந்து பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தாள். மார்பு கட்டிக்கொண்டு வலிக்கிறது என்றாள். உள்ளே வைத்துப் பார்க்கிறார்கள், சர்க்கரை ஏறுகிறது, கண் முழித்துவிடும் என்று சொன்னேன்.

“நான் காலையிலேயே கேட்டேன் பெரியம்மா,” என்றாள். “புள்ளையைக் குடும்மா, அழுவுதுன்னு கேட்டேன். பெரியம்மா வந்துரட்டும், வந்துரட்டும்னாக. நீங்கதான் வந்துக்கிட்டு இருக்கீகளேன்னு நானும் தூங்கிட்டேன்.”

அவளுக்கு என் மேல் குற்றம் சொல்லத் தெரியவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெளியே விளக்குப் போடுகிற நேரத்துக்கு நர்ஸ் கதவைத் திறந்து, அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்டி வாங்க என்றார். தையல் வலியில் அந்தப் பெண் முனகிக்கொண்டே உட்கார்ந்தாள். உள்ளே அவளை மட்டும் விட்டார்கள். கதவுக் கண்ணாடி வழியாக முதுகுதான் தெரிந்தது. எங்கள் மூன்று பேருக்கும் அந்த முதுகைத் தவிர வேறு பார்க்க ஒன்றும் இல்லை. நர்ஸ் குனிந்து எதையோ சரி செய்தார். பிறகு சத்தம் கேட்டது. முதலில் பூனைக்குட்டி மாதிரி மெல்லிசாக. கொஞ்சம் விட்டு, கோபமாக ஒரு வீறல். அது கேட்டதும் என் சினேகிதி சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நாத்தனார் அவள் முதுகைத் தடவிக்கொண்டே மெதுவாக, என்னை மாதிரித்தான் கத்துறா, கத்தட்டும் என்றார்.

சங்கிலிருந்த பாலை யார் எப்போது கொட்டினார்கள் என்று தெரியவில்லை. நான் போகும்போது சங்கு கவிழ்த்து வைத்திருந்தது.

சில நாள் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகும் தலை நிற்கிறதா, சத்தத்துக்குத் திரும்புகிறாளா, முகம் பார்த்துச் சிரிக்கிறாளா என்று நான் ஒவ்வொன்றுக்கும் பயந்து பயந்து போய்ப் பார்த்தேன். எல்லாம் அந்தந்தக் காலத்தில் வந்தது. இப்போது நடக்கிறாள். கேட்டது கிடைக்காவிட்டால் தரையில் படுத்துக்கொண்டு கத்துகிறாள். இவளுக்கு யாரு சேனை வச்சா என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். குதிகாலில் ஊசி குத்தின சிஸ்டர் என்று என் சினேகிதி பதில் சொல்கிறாள். அதைக் கேட்டு எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் இன்னும் சிரிப்பு வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே தலைவியிடம் சொன்னேன். அவர் எத்தனை சுவரில் எழுதியாயிற்று என்று மட்டும் கேட்டார். அடுத்த கூட்டத்துக்குச் சிவகங்கை போனபோது, நான் சொல்லட்டுமா, நீங்கள் கஷ்டப்பட வேண்டாம் என்றார். இல்லை மேடம், என் விரலுக்குத்தானே காத்திருந்தது, நான்தான் சொல்லணும் என்றேன்.

எழுந்து நின்றேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அந்த வாசகத்தை எடுத்துவிட வேண்டும் என்று சொன்னேன். அதுதானே நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது, எங்கோ ஒரு குடும்பம் தப்பாகப் புரிந்துகொண்டதற்காகவா என்று ஒருவர் கேட்டார். அவங்க தப்பாப் புரிஞ்சுக்கலை சார், நாமதான் அவங்ககிட்ட முழுசாக் கேக்கலை என்றேன். பிறகு நடந்ததைச் சொன்னேன். சங்கைச் சொன்னேன், பாதம் சில்லென்று இருந்ததைச் சொன்னேன். நடுவில் இரண்டு இடத்தில் நின்றுவிட்டேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.

அந்த அதிகாரியம்மா பேனாவை மூடிவிட்டு, பிள்ளை எவ்வளவு நேரம் பால் இல்லாமல் இருந்தது என்று கேட்டார்.

“நான் வர்ற வரைக்கும் மேடம்,” என்றேன். அதைச் சொன்னால் போதாது என்று பட்டது. “போன தடவை இங்கே கை தட்டினோம்ல, அப்ப காத்துக்கிட்டு இருந்துச்சு. டீ குடிச்சோம்ல, அப்பவும் காத்துக்கிட்டு இருந்துச்சு.”

அன்றைக்கு வேறு நல்ல வாசகம் யாருக்கும் கிடைக்கவில்லை. என்ன எழுதலாம் என்று நீங்களே சொல்லுங்கள் என்றார்கள். பிள்ளை பிறந்ததும் அம்மா மார்பில் போடுங்கள், யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம் என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். இது சுவரில் எழுதுகிற வாசகம் மாதிரி இல்லையே என்றார் ஒருவர். இல்லைதான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.